மயில்கழுத்துச் சேலையின் கீழ்க்கரை

1

இந்தக் கதை துக்கத்தில் பிறந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எரிச்சலில் பிறந்தது. என் அத்தை ராமக்காள், அப்பாவின் கூடப் பிறந்த ஒரே அக்கா, போன பங்குனியில் கீழக்குயில்குடியில் இறந்துபோனாள். கருமாதி முடிந்து நான் பஸ்ஸுக்கு நின்றபோது, தூரத்துச் சொந்தக்காரி ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "ஆயிரம் பேசியிருந்தாலும் ஒன் அத்தைக்கு ஒம்மேல உசுருடி. வெளிய காட்டிக்கிற மாட்டா, அம்புட்டுத்தான்."

நான் தலையாட்டினேன். பஸ் வந்தது. ஒத்தக்கடை வந்து சேரும்வரை அந்த வாக்கியம் பல்லில் சிக்கிய நார் மாதிரி உறுத்திக்கொண்டே வந்தது. செத்த மறுநாளே எல்லாரும் நல்லவர்களாகிவிடுகிறார்கள், சரி. அதற்காக உயிரோடு இருக்கிற என்னை ஏன் பொய்க்காரி ஆக்க வேண்டும்? என் அத்தைக்கு என்னைப் பிடிக்காது. நான் பிறந்ததிலிருந்து, முப்பத்து நான்கு வருஷமாகப் பிடிக்காது. அதை எழுதிவைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஒரு பக்கத்தில் முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

2

தொடக்கம் ஒன்று:

'சமணமலைமேல் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ராமக்காள் கடைசியாக ஒருமுறை அந்த மலையை…'

(விட்டுவிட்டேன். மலையைப் பார்ப்பதெல்லாம் மதுரையிலிருந்து கார் எடுத்து வருகிறவர்கள் செய்கிற வேலை. வாழ்க்கைப்பட்டு வந்து அதன் அடிவாரத்திலேயே ஐம்பது வருஷம் இருந்தவள், மேயப்போன மாடு அதற்குப் பின்னால் போய்விட்டதா என்றுதான் பார்ப்பாள். அவள் இறந்தது டிவி முன்னால், பிளாஸ்டிக் நாற்காலியில், காலை ஒன்பதரைக்கு.)

தொடக்கம் இரண்டு:

'என் அத்தை என்னை வெறுத்தாள்.'

(இதுவும் சரியில்லை. வெறுப்புக்கு உழைப்பு வேண்டும். ஒருவரைத் தினமும் கொஞ்ச நேரமாவது நினைக்க வேண்டும். ராமக்காள் எனக்காக அவ்வளவு மெனக்கெட்டதில்லை.)

தொடக்கம் மூன்று:

'சரண்யாதேவி கப்பலூரில் ஒரு ரப்பர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள்.'

இது உண்மை. சரண்யாதேவி நான்தான். வேறு பெயர் வைத்து எழுதிப் பார்த்தேன்; பெயர் மாறியதும் அவள் பக்கத்துக்குப் பக்கம் நல்லவளாகிக்கொண்டே போனாள். அதனால் சொந்தப் பெயரையே வைத்துவிட்டேன்.

கம்பெனியில் என் வேலை ரிஜெக்ட் பார்ப்பது. பம்புக்குள் போகிற ரப்பர் வளையங்கள் தட்டு தட்டாக வரும். கோணல், குமிழி, பிசிறு இருந்தால் சிவப்புத் தொட்டியில் போட வேண்டும். போட்டால் மட்டும் போதாது, பதிவேட்டில் அதற்கு எதிரே காரணம் எழுத வேண்டும். காரணக் கட்டத்தைக் காலியாக விட்டால் சூப்பர்வைசர் கூப்பிடுவார். "சும்மா எப்டிம்மா ரிஜெக்ட் ஆகும்? என்னமாச்சும் எழுது." பதினோரு வருஷமாக இந்த வேலை. காரணம் இல்லாமல் எதையும் ஒதுக்கக் கூடாது என்று என் கைக்குப் பழகிவிட்டது. இந்தக் கதையோடு நான் படுகிற பாடு அதனால்தான் என்று நினைக்கிறேன்.

3

சாட்சிகளைச் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் பஸ் ஸ்டாப்புக்காரி பக்கம் நீங்கள் சாய்ந்துவிடுவீர்கள்.

அத்தை என்னை ஒருநாளும் 'மருமகளே' என்று கூப்பிட்டதில்லை. தம்பி மகள் மருமகள் முறை. எங்கள் பக்கத்தில் பால் மறக்காத பிள்ளையைக்கூட அப்படிச் சொல்லித்தான் கொஞ்சுவார்கள். என்னை அவள் 'கருப்பு மக' என்பாள். கருப்பு என் அப்பா. ரேஷன் கார்டில் எழுதியிருக்கிற மாதிரி ஒரு பெயர்.

எட்டு வயதில் பொங்கலுக்கு ரோஸ் பாவாடை கட்டிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே, "இந்த நெறத்துக்கு ரோஸு வேற கேக்குதாக்கும்" என்றாள். அவளும் என் நிறம்தான்.

என் முதல் கதை ஒரு பத்திரிகையில் வந்தபோது அப்பா அதைச் சட்டைப் பையில் சுருட்டிவைத்துக்கொண்டு வண்டியில் கீழக்குயில்குடிக்குப் போனார். அத்தைக்குப் படிக்கத் தெரியாது, அப்பா வாசித்துக் காட்டினார். பாதியில் நிறுத்தச் சொன்னாளாம். "இருக்குறவகளப் பத்தி இல்லாதத எழுத இவளுக்கு ஒரு படிப்பு." இதைவிடச் சுருக்கமான விமர்சனம் எனக்கு இன்றுவரை கிடைத்ததில்லை.

பெரிய சாட்சி அப்பாவின் சாவு. நான்கு வருஷத்துக்கு முன்னால். அத்தை தம்பியின் தலைமாட்டில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்தாள். நல்ல குரல் அவளுக்கு, தெருவே அழுதது. தம்பி பெண்டாட்டியைச் சொல்லி அழுதாள். என்றைக்கோ போய்ச் சேர்ந்த தாய் தகப்பனைச் சொன்னாள். தம்பி ஊன்றிய முருங்கையைச் சொன்னாள். வாசலில் நின்ற டிவிஎஸ் வண்டியைக்கூட விடவில்லை, "ஏறிப்போக ஆளில்லாம ஏங்கி நிக்குதே" என்று அதற்கும் இரண்டு வரி. ஒரே மகளான என்னைச் சொல்லவில்லை. நான் கால்மாட்டில் உட்கார்ந்து, இப்போது வரும், அடுத்த அடியில் வரும் என்று காத்திருந்தேன். அப்பா செத்த அன்றைக்கு நான் அழவில்லை; என் பெயர் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். அதற்காக அவளையும் மன்னிக்கவில்லை, என்னையும் மன்னிக்கவில்லை.

கடைசியாக, சேலை. முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு ஒன்றும் அத்தைக்கு ஒன்றும் எடுத்தேன். அத்தைக்கு எடுத்தது மயில்கழுத்து நிறத்தில் சுங்குடி, மஞ்சள் கரை. கொண்டுபோய் நீட்டியபோது அவள் கை நீட்டவில்லை. "அந்தா, டிவி மேல வையி" என்றாள். அரசாங்கம் கொடுத்த பழைய பெட்டி டிவி. நான் கிளம்பும்போதும் சேலை அதன் மேலேயே இருந்தது. அதற்கப்புறம் பதினோரு வருஷத்தில் எந்தக் கல்யாணத்திலும் காதுகுத்திலும் அவள் அதைக் கட்டி நான் பார்த்ததில்லை. அதைப் பார்க்கத்தான் ஒவ்வொரு விசேஷத்துக்கும் போனேன் என்றும் சொல்லலாம்.

4

சரி, காரணம் வேண்டும். கட்டத்தைக் காலியாக விடக் கூடாது.

காரணம் அ: அத்தைக்கும் அம்மாவுக்கும் நாத்தனார் சண்டை. அந்தக் கோபம் பிள்ளை மேல் இறங்கியது.

(இல்லை. இரண்டு பேரும் அவ்வளவு ஒட்டு. சேர்ந்து உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டு என்னைப் பற்றிக் குறை பேசுவார்கள்.)

காரணம் ஆ: அவள் மகன் தமிழ்மாறனுக்கு என்னைக் கேட்டு, நான் மாட்டேன் என்றுவிட்டேன்.

(நீங்கள் இதைத்தான் எதிர்பார்த்திருப்பீர்கள். கேட்கவே இல்லை. தமிழ்மாறன் மச்சானுக்குக் கல்யாணம் நடந்தபோது எனக்கு இருபத்தொன்று. பந்தியில் தண்ணீர் ஊற்றினேன். எனக்கு அவர் மேல் ஆசையும் இல்லை. ஆனால் கேட்டிருக்கலாம்.)

காரணம் இ: நான் பிறந்த அதே வாரத்தில் அத்தைக்கு ஒரு பெண் பிறந்து மூன்றாம் நாள் இறந்துபோனது. அன்றிலிருந்து என்னைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு…

(இதை எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. இரண்டு பக்கம் ஓடியது. அத்தையை அதில் மன்னித்துக்கூட விட்டேன். பிறகு ஒரு சந்தேகத்தில் மச்சானுக்குப் போன் போட்டேன். "அப்பிடியெல்லாம் ஒண்ணுமில்லயே புள்ள. எனக்கப்புறம் அம்மாவுக்கு ஆப்பரேசன் பண்ணிட்டாகளே" என்றார். இரண்டு பக்கத்தையும் கிழித்தேன். இருக்கிறவர்களைப் பற்றி இல்லாததை எழுதுவது என்று அவள் சொன்னது இதைத்தான்.)

காரணம் ஈ: இது நடந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் மச்சானுக்கு லீவு கிடைக்கவில்லை என்று அத்தையை ஸ்கேன் எடுக்க நான் கூட்டிப்போனேன். டோக்கன் வாங்கிக்கொண்டு பெஞ்சில் ஒரு மணி நேரம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். அவ்வளவு நேரம் நாங்கள் சேர்ந்து இருந்தது அதுதான் முதல் தடவை. கேட்டுவிட்டேன்.

"அத்தை, எம்மேல ஒங்களுக்கு என்ன கோவம்?"

திரும்பிப் பார்த்தாள். நிஜமாகவே ஆச்சரியப்பட்டாள்.

"கோவமா? கோவப்படுற அளவுக்கு நீ என்னத்தச் செஞ்ச?"

"பெறகு ஏன் இப்பிடி இருக்கீக?"

"பிடிக்கல. எனக்குப் பொடலங்காயுந்தான் பிடிக்காது. அது என்னைக்காச்சும் வந்து ஏன்னு கேட்டுச்சா?"

எதிர் பெஞ்சில் இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அதுதான் கொடுமை. டோக்கன் நம்பரைக் கூப்பிட்டார்கள். எழுந்திருப்பதற்கு என் தோளைப் பிடித்துக்கொண்டாள், பஸ் கம்பியைப் பிடிக்கிற மாதிரி.

(காரணம்: புடலங்காய். இப்படி எழுதினால் சூப்பர்வைசர் ஒத்துக்கொள்ள மாட்டார்.)

5

சாவுச் செய்தி கம்பெனியில் இருந்தபோது வந்தது. "அம்மா போயிருச்சு புள்ள" என்று மச்சான் அழுதார். மூக்கை உறிஞ்சிக்கொண்டு அடுத்ததைச் சொன்னார்: "பெறந்த வீட்டுக் கோடி நீதான் கொண்டாரணும்."

* கோடி: குளிப்பாட்டிய பின் பெண்ணின் உடம்பு மேல் போர்த்துகிற கடைசிப் புதுச்சேலை. அது அவள் பிறந்த வீட்டிலிருந்து வர வேண்டும். வராமல் பிணத்தை எடுக்க மாட்டார்கள். எவ்வளவு ராங்கிக்காரியாக இருந்தாலும் காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

போன வருஷம் அம்மாவும் போய்விட்டாள். ராமக்காளின் பிறந்த வீடு என்று பூமியில் மிச்சம் இருந்தது நான் ஒருத்தி. எங்கள் பங்காளி அழகுபாண்டிச் சித்தப்பா போனில் இழுத்தார்: "பொம்பளப் புள்ள கோடி தூக்குறதா? நான் எடுத்துட்டு வாரேன், நீ சும்மா கூட வா." நான் விட்டுக்கொடுக்கவில்லை. பாசத்தில் இல்லை. இந்த ஒரு சேலையை அவளால் டிவி மேல் வைக்கச் சொல்ல முடியாது.

மச்சான் மறுபடியும் கூப்பிட்டார். கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸ் அடிக்க வேண்டுமாம். "நீ எழுதுறவதான, ரெண்டு வரி சொல்லு." பஸ்ஸில் தொங்கிக்கொண்டே சொன்னேன்: 'அன்பை மட்டுமே அள்ளித் தந்த எங்கள் குலவிளக்கே.' இதுவரை நான் எழுதியதில் அதிகம் பேர் வாசித்தது அந்த வரிதான்.

விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக் கடைக்குள் போனேன். நிறம் மனதுக்குள் முடிவாகியிருந்தது. ரோஸ். ஊரே பார்க்க, ரோஸ் போர்த்திக்கொண்டு போகட்டும்.

"யாருக்குக்கா? ஒங்களுக்கா?" என்றாள் கடைப்பெண்.

"அத்தைக்கு."

"வயசானவகன்னா கொஞ்சம் அடங்குன கலராப் பாக்கலாமேக்கா."

"ரோஸே காட்டு."

ஒன்றைப் பிரித்துத் தன் தோளில் போட்டுக் காட்டினாள். "எடுத்தீங்கன்னா மாடியிலயே ஃபால்ஸ் அடிச்சு, ஓரந் தச்சுக் குடுத்துருவாக. அர மணி நேரந்தான்."

"ஃபால்ஸ் வேணாம். கோடிக்கு."

அவள் சேலையைத் தோளிலிருந்து மெதுவாக இறக்கினாள். "சாரிக்கா" என்றாள். அதற்கப்புறம் ரவிக்கையைப் பற்றியோ புது டிசைனைப் பற்றியோ ஒரு வார்த்தை பேசவில்லை. ரோஸை ஒதுக்கிவிட்டு, அவளாகவே அரக்கு நிறத்தில் ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தாள். எனக்கு ரோஸ்தான் வேண்டும் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. 'அந்தக் கணத்தில் சரண்யாதேவியின் மனம் கனிந்தது' என்று எழுத ஆசைதான். கனியவில்லை. அந்தச் சின்னப் பெண் முன்னால் அல்பமாகத் தெரிய வெட்கமாக இருந்தது.

* ஃபால்ஸ்: சேலை கட்டாத வாசகர்களுக்காக. கொசுவம் விழுகிற பக்கத்தில் கீழ்க்கரையின் உள்ளே வைத்துத் தைக்கிற பட்டைத் துணி. உடுத்தப்போகிற சேலைக்குத்தான் அடிப்பார்கள். பீரோவில் தூங்குகிற சேலைக்கும் பிணத்துக்கும் தேவையில்லை. என் அத்தை ஃபால்ஸ் இல்லாமல் எதையும் கட்ட மாட்டாள். வரப்பில் நடந்தால் கரை அறுந்துபோகும் என்பாள். இந்தக் கதையில் நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியது இது ஒன்றுதான்.

6

ஊர் முனைக்குக் கொட்டு வந்து என்னைக் கூட்டிப்போனது. தட்டில் அரக்குச் சேலை, மாலை, மஞ்சள். தெருவில் பிளெக்ஸ் கட்டியாகிவிட்டது. அத்தை அதில் முறைத்துக்கொண்டிருந்தாள். கீழே 'கண்ணீருடன்' என்று போட்டு வரிசையாகப் பெயர்கள். அதில் ஒன்று, 'மருமகள் சரண்யாதேவி'. பிளெக்ஸ் கடைக்காரர் புண்ணியம்.

என்னைப் பார்த்ததும் பெண்கள் கூட்டத்தில் அழுகை ஏறியது. "பெறந்த வீடு வந்துருச்சே, ராமக்கா, எந்திரிச்சு வாங்கிக்க!" ஆளாளுக்குக் கட்டிப்பிடித்தார்கள். எனக்கு ஒரு சொட்டு வரவில்லை.

"அழுதுருடி, ஊரு பாக்குது" என்று காதோரம் சொன்னாள் முத்துமீனா அக்கா. மச்சானின் மனைவி. அந்த வீட்டுக்கு வந்து பதிமூன்று வருஷம் அத்தைக்குச் சோறும் போட்டுத் திட்டும் வாங்கியவள்.

"வரலக்கா."

"எனக்குந்தான் வரல. முந்திய வச்சு மூஞ்சிய மூடிக்க."

குளிப்பாட்டுவதற்கு உடம்பை வெளியே பெஞ்சில் கிடத்தினார்கள். ஆண்கள் கண்ணில் படாமல் இருக்க, சுற்றிலும் பழைய சேலைகளைப் பெண்கள் உயர்த்திப் பிடிக்க வேண்டும். மறைப்பு என்போம். முத்துமீனா அக்கா உள்ளே போய்க் கைக்கு வந்த சேலைகளை அள்ளிக்கொண்டு வந்தாள். ஒன்றின் முனையை என்னிடம் கொடுத்துவிட்டு, மறுமுனையை அவளே பிடித்துக்கொண்டாள்.

தண்ணீர் ஊற்ற ஆரம்பித்த பிறகுதான் என் கையைப் பார்த்தேன். மயில்கழுத்து என்று இப்போது யாரும் சொல்ல மாட்டார்கள், சாம்பலாக வெளுத்திருந்தது. ஆனால் சுங்குடிப் புள்ளி தெரிந்தது. மஞ்சள் கரை தெரிந்தது.

வெளுத்திருந்தது என்பதைக் கவனியுங்கள். பெட்டியிலேயே கிடந்த சேலை அப்படி வெளுக்காது. உடுத்தித் துவைத்து வெளுத்திருக்கலாம். ஜன்னலில் திரையாகத் தொங்கி வெயிலில் வெளுத்திருக்கலாம். மாட்டுக் கொட்டகையில் சாரலுக்குக் கட்டியிருக்கலாம். என் கையில் இருந்தது முந்தி. ஃபால்ஸ் அடித்திருந்தால் அது எதிர்முனையில், கீழ்க்கரையில் இருக்கும். அந்தக் கரை முத்துமீனா அக்காவின் காலடியில், அத்தையைக் கழுவின தண்ணீர் ஓடுகிற சேற்றில் கிடந்தது.

நாலு எட்டு நடந்து குனிந்தால் தெரிந்துவிடும்.

நகரவில்லை. நகர்ந்தால் மறைப்பு விலகும். பத்தடியில் ஆண்கள் நின்றிருந்தார்கள். சேலைக்கு அந்தப் பக்கம் அவளைத் திருப்பிப் போட்டு முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். கை கடுத்தது. இறக்காமல் தலைக்கு மேலேயே பிடித்திருந்தேன். அவளை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று எனக்கு அப்போது இருந்தது. ஏன் என்று கேட்காதீர்கள்.

7

முடிவு ஒன்று: குளிப்பாட்டி முடிந்ததும் சரண்யாதேவி சேலையை மடிக்கிறாள். கீழ்க்கரையில் ஃபால்ஸ். சேற்றில் மண்டியிட்டு, "அத்தை…" என்று…

(பஸ் ஸ்டாப்புக்காரி இதற்கு அழுவாள். விட்டுவிட்டேன்.)

முடிவு இரண்டு: கீழ்க்கரை வெறுங்கரை. மூலையில் ஆணி குத்திய ஓட்டைகள். ஜன்னல் திரை. சரண்யாதேவி தனக்குள் சிரித்துக்கொள்கிறாள்.

(இது கெட்டிக்கார முடிவு. பத்திரிகையில் போடுவார்கள். இதுவும் நடக்கவில்லை.)

நடந்தது இவ்வளவுதான். அரக்குச் சேலையை நான் போர்த்தினேன். அத்தை வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் எதிர்பார்த்துப் போன சந்தோஷம் அதில் இல்லை. மறுக்கத் தெரிந்த ஆள் வாங்கினால்தான் கொடுத்ததில் ருசி. மறைப்புச் சேலைகளைச் சுருட்டிப் பாடையோடு கொண்டுபோனார்கள். சுடுகாட்டில் போட்டுவிட்டு வருவது வழக்கம். பெண்கள் அங்கே போவதில்லை. நான் தெருமுனையில் நின்றுவிட்டேன்.

கருமாதியன்று பாத்திரம் கழுவுகிற இடத்தில் முத்துமீனா அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"சரண்யா, அன்னைக்கு மறப்புக்குப் பிடிச்சோம்ல ஒரு சேல, அது நீ எடுத்துக் குடுத்ததுதான? நான் அவசரத்துல பாக்காம எடுத்தாந்துட்டேன். அந்தச் சேலய அத்தை…"

"அக்கா, வேணாம்" என்றேன். "சொல்லாத."

"ஏன்டி, அதுல ஒண்ணும்…"

"வேணாம்க்கா."

அவள் அண்டாவைத் தேய்க்கப் போய்விட்டாள். இந்தக் கதையில் நான் பாதியில் விட்ட வாக்கியங்கள் எல்லாவற்றையும் முடிக்க எனக்குத் தெரியும். அவள் விட்டதை மட்டும் முடிக்கத் தெரியாது.

8

முத்துமீனா அக்கா கீழக்குயில்குடியில்தான் இருக்கிறாள். தாமரைக் குளம் தாண்டி இரண்டாவது தெரு, நீல கேட். பிளெக்ஸ் இன்னும் அவிழ்க்கவில்லை, அடையாளம் தெரியும். மத்தியானம் மூன்று மணிக்குப் போனால் டிவி முன்னால் அதே பிளாஸ்டிக் நாற்காலியில் இருப்பாள். காப்பி கொடுப்பாள். கேட்டால் சொல்லிவிடுவாள், மனதில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாதவள். போய்க் கேளுங்கள். அவள் சொல்வதை இந்தக் கதையின் முடிவாக வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. என்னிடம் மட்டும் வந்து சொல்லாதீர்கள்.

கோழை என்று நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள். அவள் அதை ஒருநாளும் உடுத்தவில்லை என்றால் எனக்கு ஒன்றுமில்லை, பழகினதுதான். முப்பத்து நான்கு வருஷம் அப்படித்தான் இருந்தேன், இனியும் இருந்துகொள்வேன். ஆனால் உடுத்தியிருந்தால்? நான் பார்க்காத நாளாகப் பார்த்து, ஃபால்ஸ் அடித்து, வயலுக்கும் ரேஷன் கடைக்கும் கட்டிக் கட்டியே வெளுக்கவைத்திருந்தால்?

அப்புறம் நான் அவளுக்காக அழ வேண்டிவரும். என் அப்பாவுக்கே நான் இன்னும் அழவில்லை.